ஒட்டகப் பாடமும் உபகாரச் சம்பளமும்

ஒரு குழந்தைக்கு ஒட்டகத்தைப் பற்றி எத்தனை தடவை சொல்லிக்கொடுக்கலாம்? ஆசிரியைப் பயிற்சிக்காக எல்.டி. படித்த காலத்தில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோட்ஸில் பதிலும் கொடுத்திருப்பார்கள். இப்போது என் மகளுக்கு ஐந்து வயதாகிறது. வரும் ஜூனில் அவளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் தூக்கம் கெட்டிருக்கிறேன். இந்த நிலையில்தான் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ஆசிரியை வேலைக்கு வர நினைக்கும் சகோதரிகளுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். உதவுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

1. கமிட்டி

பி.ஏ. தேறிய பெண்களில் சிலருக்கு யூனிவர்சிட்டி மூலம் உபகாரச் சம்பளம் கொடுத்து, எல்.டி. படிக்கவைத்து, ஆசிரியைகளாக்கும் திட்டம் அது. படித்து முடித்ததும் யூனிவர்சிட்டி சொல்லும் பள்ளியில் ஐந்து வருஷம் வேலை பார்ப்பதாக பாண்டு எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஆள் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் ஒரு கனவான், குழந்தைகள் மேல் எனக்கு உண்மையான அன்பு உண்டா என்று கேட்டார். உண்டு, வீட்டிலேயே ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. குழந்தைகள் மேல் அன்பு வேண்டும், குழந்தை மட்டும் இருக்கக் கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அதை யார் பார்த்துக்கொள்வார்கள், அடுத்தது எப்போது, கணவர் சம்மதித்தாரா என்பதிலேயே நேரம் போய்விட்டது. நான் என்ன படித்தேன் என்று விசாரிக்க அவர்களுக்கு அவகாசமில்லை. அதனால்தான் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ.

2. கிரிட்டிசிசம் லெசன்

பாடம் நடத்திப் பழக எங்களை அனுப்பிய பிராக்டீசிங் ஸ்கூல் ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில். மீன் பிடிப்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள் வீட்டுப் பெண்கள் அங்கே படித்தார்கள். நாம் பாடம் நடத்த, சூபர்வைசர் அம்மாளும் சக மாணவிகளும் பின்வரிசையில் உட்கார்ந்து குறைகளை எழுதுவார்கள். அதற்குத்தான் கிரிட்டிசிசம் லெசன் என்று பெயர். அதில் தவறினால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும்.

எனக்கு ஒட்டகம் வந்தது. எல்லோருக்குமே ஒட்டகம்தான். கல்லூரியில் கிழியாத படம் அது ஒன்றே. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பல் ஊதிக்கொண்டிருக்க, உள்ளே பாலைவனத்துக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று பாடக்குறிப்பைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மூன்றாம் வகுப்புப் பெண் பாக்கியம் பக்கத்தில் வந்தாள்.

“நீ பயந்துக்காத டீச்சர். படத்தை மொதல்ல காட்டாத. பாலைவனத்துல இன்னா கீதுன்னு கேளு. நாங்க தெரியாத மாரி முழிச்சுகினு இருப்போம். அப்பால நீ மணலுன்னு சொல்லு. போன டீச்சர் மொதல்லியே படத்தைக் காட்டிச்சு. பாவம், அளுதுகினே போச்சு.”

அவள் சொன்னபடியே செய்தேன். குழந்தைகள் அழகாக முழித்தார்கள். திமிலைக் காட்டியதும், பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை என்பதுபோல் ஆச்சரியப்பட்டார்கள். கடைசியில் பாடத்தின் சுருக்கத்தைப் போர்டில் எழுத வேண்டும். ஐந்து வரி. மூன்று வரி எழுதுவதற்குள், யாராவது ஒரு பெண் வாசிக்கட்டும் என்று சூபர்வைசர் அம்மாள் சொல்லிவிட்டார். பாக்கியம் எழுந்தாள். கணீரென்று ஐந்து வரியும் வாசித்தாள்.

நான் திரும்பிப் போர்டைப் பார்த்தேன். மூன்று வரிதான் இருந்தது. சூபர்வைசர் அம்மாள் தலை நிமிராமல், வாசிப்பு மிகவும் திருப்தி என்று எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முதல் வகுப்பு மார்க் கிடைத்தது.

எல்லோரும் போனபிறகு பாக்கியத்தைக் கூப்பிட்டு, போர்டில் ‘மணல்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

“இது எத்தினியாவது வரி? அத்த சொல்லு, சொல்றேன்.”

3. பாண்டு

என்னை அதே பள்ளியில்தான் போட்டார்கள். முதலில் எழுத்துக் கற்றுக்கொடுத்து, பிறகு மற்றதெல்லாம் என்று திட்டத்தோடு போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அன்பாகத்தான் சொன்னார்: “இது பிராக்டீசிங் ஸ்கூல் அம்மா. நீங்களே பாடம் நடத்திட்டா வர்றவங்க எங்கே பழகுவாங்க?”

நியாயம்தானே. கெஞ்சி, பிரார்த்தனைக்கு முன்னால் அரைமணி வாங்கினேன். அந்த வேளையில் பாதிப் பெண்கள் கரையில் அம்மாவோடு கூடை சுமந்துகொண்டிருப்பார்கள். வந்தவர்களில் சிலர் வாசிக்கக் கற்றார்கள். பாக்கியம் எழுத்துக்கூட்டத் தொடங்கியபோது அவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிள்ளைகள் டக்டக்கென்று பதில் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். போர்டை அழித்துவிட்டு, சொற்களை இடம் மாற்றி எழுதி, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் மார்க் குறையும்.

இப்போது என் மகள். சக ஆசிரியைகளைக் கேட்டால், பட்டதாரிகள் பாடம் நடத்தும் பள்ளி வேறெங்கே கிடைக்கும் என்கிறார்கள். திருவொற்றியூரில் ஒரு வாத்தியார் இருக்கிறார். எல்.டி. கிடையாது, படம் கிடையாது, பிரம்பு உண்டு. அவரிடம் படிக்கும் குழந்தைகளுக்கு வாசிக்கத் தெரிகிறது. அந்தப் பிரம்பின் முன்னால் என் மகளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. “நீ வேலை பாக்கிற பள்ளிக்கூடம் உன் பொண்ணுக்கே ஆகாதுன்னா, ஊரார் பொண்ணுங்களுக்கு மட்டும் ஆகுமான்னு கேப்பாங்க” என்கிறார். கேட்பார்கள் என்றுதான் நானும் பயப்படுகிறேன்.

போன வாரம் கேட்டும்விட்டார்கள். பாக்கியத்தின் அம்மா எங்கள் தெருவில் மீன் விற்பவள். கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: “எம் பொண்ணு அஞ்சாங்கிளாஸ் தாண்டிச்சு. ட்ராம் வந்தா, போர்டைப் பாத்துகினே, எங்க போவுதுன்னு என்னையக் கேக்குது. சின்னது ஒண்ணு கீது டீச்சரம்மா. உம் பாப்பாவ எங்க சேக்கறியோ, அங்கியே நானும் சேத்துடறேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“டீச்சர், நீயே ரோசன பண்ணா நான் இன்னா பண்ணுவேன்?” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

என் மகளை என் பள்ளியிலேயே சேர்த்தால், அவளுக்கு வீட்டில் இரவு நான் எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். மீன்காரம்மாவின் சின்னவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? திருவொற்றியூரில் சேர்த்தால், மறுநாள் எந்த முகத்தோடு என் வகுப்பில் நிற்பேன்? பாண்டு முடிய இன்னும் காலம் இருக்கிறது. மீன்காரம்மா நாளைக்கு மறுபடி வருவாள். படிக்கிறவர்களில் தாய்மார்களாகவும் ஆசிரியைகளாகவும் இருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மனச்சாட்சிப்படி நடந்துகொள் என்று மட்டும் எழுதவேண்டாம். அது என்னிடம் இரண்டு விதமாகவும் பேசுகிறது.