டெலெக்ஸ்காரரின் நாடா

எண்ணெய் தடவிய காகிதத்தின் வாசனை எங்கே வந்தாலும் அந்த டெலெக்ஸ்காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார். அவருக்கு சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறை அலுவலகத்தில் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், தேக்காவுக்கு வரும் பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில்தான் வந்து உட்காருவார். வழுக்கைத் தலை, கழுத்தில் சிலுவை, சட்டைப் பையில் டெலெக்ஸ் இயந்திரம் செய்தியைத் துளைகளாகப் பதிக்கும், எண்ணெய் தடவிய மஞ்சள் காகித நாடாச் சுருள். ஆள் சிக்கினால் போதும், அதை விரலில் சுற்றிக்கொண்டே பிரசங்கம் தொடங்கிவிடும்.

"நம்ம உடம்புக்குள்ளயும் இப்படித்தான் செய்தி ஓடுது தம்பி. அனுப்ப ஒரு ஆள் இல்லாம செய்தி வருமா?"

உயிரின் தோற்றத்தையும் கடவுளையும் ஒரு முழம் காகிதத்தில் முடித்துவிட்ட மேதை! அந்த வாதத்தை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன்:

"அனுப்புறவர் இருந்தா, பிறவி நோயெல்லாம் அவர் தப்பா அடிச்சதா அண்ணே? அவரை டைப்பிங் கிளாஸுக்கு அனுப்புங்க லா!"

பின்சீட்டு வரைக்கும் சிரித்தது. அவர் நாடாவை மெல்லச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"என் மகளுக்கு ரத்தத்துல கோளாறு. பிறக்கும்போதே ஒரு எழுத்து தப்பு மாதிரின்னு டாக்டர் சொன்னாரு."

மணியை அழுத்திவிட்டு எழுந்தார்.

"டெலெக்ஸ்ல எழுத்து தப்பா வந்தா, அனுப்புனவங்களையே திரும்ப அடிக்கச் சொல்லுவேன். அனுப்புனவரே இல்லைன்னா, நான் யார்கிட்ட போய்க் கேக்குறது தம்பி?"