சூரியன் மறையாத பிரதோஷம்

"...அதனால சுவாமிக்கு முன்னாலயே நான் சாப்பிட்டுடறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க" என்று என் வீட்டுக்காரர் சொல்லி முடித்தபோது எங்கள் கூடத்தில் எல்லோரும் அவர் கையிலிருந்த தட்டையே பார்த்தார்கள்.

போன ஆனி மாதப் பிரதோஷம் அது. இந்த மான்ட்ரியாலில் நமக்கென்று ஒரு கோயில் கிடையாது. முறை வைத்து யார் வீட்டிலாவது கூடுகிறோம். அன்று வில்லரேயில் எங்கள் வீட்டு முறை. மணி ஏழு, ஜன்னலில் வெயில் அப்படியே இருக்கிறது. அபிஷேகத்துக்குப் பாலும் தேனும் எடுத்து வைத்தாயிற்று. இன்னும் விளக்குகூட ஏற்றவில்லை. அந்த நேரத்தில் பூஜை பண்ண வேண்டிய மனுஷரே தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் ஒரு மாதிரி இருக்காது? லொங்குய்யிலிருந்து வந்திருந்த புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் நாலே வரியில் சொன்னது போதாமல், முழுசாக என்ன நடந்தது என்று உங்களில் பலர் பிறகு போனில் என்னைக் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. நான் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். பிறகு பொட்டலம் கட்டி வந்த பேப்பரைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்ட தமிழ்தான். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினீயர். காலேஜில் சேர்ந்த வருஷத்திலிருந்து பிரதோஷத்தன்று பட்டினி. தண்ணீர் மட்டும் குடிப்பார். சூரியன் மறைகிற நேரம் அபிஷேகம் பண்ணி, நிவேதனம் ஆன பிறகுதான் சாப்பாடு. கனடாவுக்கு வந்த புதிதில், "இங்க எத்தனை மணிக்குப் பிரதோஷம்?" என்று கேட்டேன். "நம்ம ஊர் கடிகாரம் இங்க செல்லாது கமலா. சூரியன்தான் கடிகாரம். அவன் இறங்கினா நான் சாப்பிடறேன்" என்றார். இன்ஜினீயர் அல்லவா, ஒன்றைக் கணக்குப் போட்டு முடிவு பண்ணிவிட்டால் மாற்ற மாட்டார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி முற்றி, தினம் காலையில் ஊசி என்று ஆனது ஒரு மார்கழி மாதத்தில். கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்து அவரே தொடையில் போட்டுக்கொள்வார். "ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்று டாக்டர் சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். விரதம் இருப்பதை நாங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடச் சொல்வார் என்ற பயம். நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான்.

குளிர்காலத்தில் இந்த ஊரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அதனால் ஒன்றும் தெரியவில்லை. பகல் நீள நீள, பங்குனி, சித்திரைப் பிரதோஷங்களில் சாயந்திரம் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. விரதக் களைப்பு என்று நினைத்தோம். எங்கள் தெருமுனையில் தெபனேர் என்கிற சில்லறைக் கடை வைத்திருப்பவர் ஒரு முறை அவரைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் வெயில்ல காயப் போடுங்க, மதாம். ஈரத்துணி மாதிரி இருக்கார்" என்றார். நான் சிரித்தேன். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆன சமயம். ஒரு நாள்கூட லீவு எடுக்காத மனுஷர், ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று அலாஸ்காவுக்குக் கப்பலில் போகலாம் என்றார். வான்கூவர் வரைக்கும் விமானம், அங்கிருந்து எட்டு நாள் கப்பல். சின்னக் கப்பல்தான். இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்கக் காடு, நடுவில் கறுப்புத் தண்ணீர். ஒரு வீடு இல்லை, ஒரு புகை இல்லை. எல்லோரும் அழகு அழகு என்றார்கள். எனக்கு முதல் நாளிலிருந்தே ஒரு பயம். இங்கே ஒன்று ஆனால் யாரைக் கூப்பிடுவது?

எங்கள் பக்கத்து அறையில் ஹில்டா என்று ஒரு அம்மா. கோதுமை விளைகிற சமவெளிப் பக்கத்திலிருந்து தனியாக வந்தவர். எழுபது வயது இருக்கும். எப்போதும் கையில் கம்பளி நூலும் ஊசியும். எங்களை உற்றுப் பார்ப்பார், எதையாவது கேட்பார். காலையில் வெந்நீர் எதற்கு, நெற்றியில் என்ன, மத்தியானம் ஏன் அவர் சாப்பிட வரவில்லை. எனக்கு இங்கிலீஷும் குறைவு, பொறுமையும் குறைவு. அவர் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தால் நாங்கள் மறுபக்கம் போய் உட்காருவோம். மூன்று நாள் அப்படியே ஒளிந்தோம்.

நாலாம் நாள் பிரதோஷம். காலையில் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டார். வழக்கம்போலப் பட்டினி. கட்டைவிரல் உயர லிங்கம் ஒன்று எப்போதும் அவர் பெட்டியில் இருக்கும். அதோடு அபிஷேகத்துக்கு ஒரு சின்ன சீசாவில் தேன். அந்த சீசாவை மட்டும் உடையாமல் இருக்க என் கைப்பையில் துணி சுற்றி வைத்திருந்தேன்.

மணி ஐந்து ஆயிற்று, ஆறு ஆயிற்று. சூரியன் மலைக்கு மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது. கப்பல் சிப்பந்தியைக் கேட்டேன். "பத்து மணிக்கு மேல்தான் மறையும்" என்று பெருமையாகச் சொன்னான், என்னவோ அவனே பிடித்து நிறுத்தி வைத்த மாதிரி.

"என்னங்க, இன்னைக்கு மட்டும் ஆறு மணின்னு வச்சுக்கலாமே" என்றேன்.

"நமக்கு வசதின்னு சூரியனை இறக்கிட முடியுமா, கமலா?" என்றார். பேச்சு கொஞ்சம் குழறியது. நெற்றி முழுக்க வியர்வை, அந்தப் பனிக்காற்றில்.

ஆறரைக்குப் பனிமலை பார்க்க எல்லோரும் மேல்தளத்துக்கு வந்தார்கள். தேநீர் வண்டியும் வந்தது. வண்டியில் ஒரு கிண்ணம் நிறைய சர்க்கரைக் கட்டி. இவர் எழுந்து தள்ளாடிப் போய் அந்தக் கிண்ணத்தில் கையை விட்டார். நாலைந்து கட்டியை அள்ளிவிட்டார். இரண்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரையே விஷம் என்று வீட்டில் போலீஸ் மாதிரி காவல் காத்தவள் நான். அதோடு அன்று விரதம் வேறு. ஓடிப் போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். கட்டிகள் தரையில் உருண்டன. அவர் என்னைப் பார்த்தார். அடிபட்ட குழந்தை பார்க்குமே, அப்படி. நான் யாரென்று அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

அப்படியே சரிந்தார்.

அன்பர்களே, இதை எழுத எனக்கு நாலு வருஷம் ஆனது. உடம்பு தானாகவே பிழைக்கப் பார்த்தது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

கப்பல் டாக்டர் இல்லை. மத்தியானம் ஒரு பயணிக்குக் கால் முறிந்து, அவரைப் படகில் ஏதோ ஊருக்குக் கொண்டு போயிருந்தார். இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்றார்கள். யாரோ கம்பளி போர்த்தினார்கள். யாரோ மாரடைப்பு என்றார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டார். உதடு வெளுத்துவிட்டது. கூப்பிட்டேன், கிள்ளினேன், ஒன்றும் இல்லை. எதிரே அந்தப் பனிமலை வெயிலில் பளபளவென்று நின்றது. எனக்கு அதைப் பார்க்க ஆத்திரம் வந்தது. இருட்டியிருந்தாலாவது நான் அழுதது ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும்.

எனக்குப் பதிகம் ஒன்றும் முழுசாக வராது. அந்த நேரத்தில் வந்ததும் மறந்துபோனது. தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னேன். "ஈஸ்வரா, உனக்காகத்தான் பட்டினி கிடந்தார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நான் எங்க தப்புப் பண்ணினேன்னு யாரையாவது விட்டுச் சொல்லு." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. தமிழில் சொன்னேன். சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் புரிந்திருக்காது.

கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நாங்கள் யாரைப் பார்த்து ஒளிந்தோமோ அந்த ஹில்டா அம்மாதான். குனிந்து என் வீட்டுக்காரர் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். உடனே என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஊசி போட்டுக்கறவரா? அந்த வெந்நீர் அதுக்குத்தானா?"

தலையாட்டினேன்.

"சாப்பிட்டாரா?"

இல்லை என்றேன்.

"எப்போலேர்ந்து?"

நேற்று ராத்திரியிலிருந்து என்று எனக்கு இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. விரலால் ஏதோ காட்டினேன். அவருக்குப் புரிந்தது.

"உடம்புல சர்க்கரையே இல்ல, அம்மா. என் தம்பி இப்படித்தான் போனான். குடிச்சிருக்கான்னு நினைச்சுக் கட்டில்ல போட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தக் கட்டி வேண்டாம், தொண்டையில அடைச்சுக்கும். பாகு மாதிரி ஏதாவது இருக்கா?"

என் கை கைப்பைக்குள் போய் சீசாவைத் தொட்டது. தொட்ட கை நின்றது. அபிஷேகத் தேன். சுவாமிக்கு இன்னும் சேராத தேன். சூரியன் அங்கேயே நிற்கிறது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் நின்றிருப்பேன். ஆனால் நின்றேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஹில்டா அம்மா என் கையோடு சீசாவை வெளியே இழுத்தார். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலில் தேனைத் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தார். "நீயும் தேய். கொஞ்சம் கொஞ்சமா" என்றார். நான் தேய்த்தேன். என் விரலை அவர் பல் கடித்து ரத்தம் வந்தது. விடவில்லை. முக்கால் சீசா காலியான பிறகு அவர் தொண்டை ஒரு முறை அசைந்தது. அப்புறம் இன்னொரு முறை. பிறகு கண் திறந்தார். வானத்தைப் பார்த்தார்.

"சூரியன் போயிடுச்சா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

டாக்டர் வந்தபோது மணி ஒன்பது. குளுக்கோஸ் ஏற்றினார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் திரும்பியிருக்க மாட்டார் என்றார். மீதி நாளெல்லாம் இவர் அறையிலேயே படுத்திருந்தார். அந்தப் பயணத்தில் பார்த்தது ஒன்றுகூட இன்றுவரை அவருக்கு ஞாபகம் இல்லை. மலையும் இல்லை, கடலும் இல்லை. ஊர் திரும்பியதும் மான்ட்ரியால் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, பட்டினியோடு அந்த ஊசி போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று படம் வரைந்து காட்டினார். இவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. சுவாமிக்கு வைத்ததைத் தின்று பிழைத்தேன் என்று அவருக்குள் ஒரு புழு அரித்தது. இரண்டு மாதம் பூஜை அறைப் பக்கமே வரவில்லை. என்னோடும் பேச்சு குறைந்தது. நானும் கையைத் தட்டிவிட்டதை நினைத்து, காலையில் காபிக்குச் சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அழுதேன். ஒரு நாள் அழும்போது பார்த்துவிட்டார். கையைத் தட்டிவிட்டதையும் ஈஸ்வரனை வாய்விட்டுக் கேட்டதையும் அப்போதுதான் சொன்னேன்.

"கேட்டது நீ. அனுப்பினது அவர். தேனும் அவரோடது. நடுவுல நான் யாரு கணக்குக் கேட்க?" என்றார். அன்று சாயந்திரம் லிங்கத்தை எடுத்துத் துடைத்து வைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரதோஷத்தன்றும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். ஆனால் நீங்கள் எல்லோரும் வருகிற நாளில் மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல், ஏதோ திருடின மாதிரி சாப்பிடுவார். நாலு வருஷம் அப்படித்தான். உங்களுக்கெல்லாம் அவர் பெரிய விரதக்காரர். அந்தப் பேர் போய்விடுமே என்ற கூச்சம்.

ஹில்டா அம்மா கார்த்திகைக்குக் கார்த்திகை எனக்குக் கையுறை பின்னி அனுப்புவார். போன வருஷம் வரவில்லை. இந்த வருஷமும் வரவில்லை. எழுதிப் போட்டதற்குப் பதிலும் இல்லை.

அன்பர்களே, நான் படித்தவள் இல்லை. ஆனால் இதை என் கண்ணால் பார்த்தேன். வாய்விட்டுக் கேட்டேன், கேட்ட வாய் மூடுவதற்குள் ஆள் வந்தது. நீங்களும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், பதிகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வருகிறவர் நமக்குப் பிடித்தவராக இருப்பார் என்று மட்டும் நினைக்காதீர்கள். உடம்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடந்து ஈஸ்வரனைச் சோதிக்காதீர்கள். நாம் பட்டினி கிடக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

இப்போது அந்தச் சாயந்திரத்துக்கு வருகிறேன். அன்று பார்வதி அக்காவும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மகனோடு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவருக்கும் இதே வியாதி, இதே ஊசி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான் என்று உள்ளே வந்ததுமே என்னிடம் சொன்னார். நான் பதறிப் போய்ச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"ஐயோ வேண்டாம் பிள்ளை, எனக்கு ஒண்டும் செய்யாது. பூசை முடியட்டும், பேந்து சாப்பிடுறன்" என்றார். பூமாலை கட்டிக்கொண்டிருந்தவரின் விரல் முடிச்சில் நிற்காமல் நழுவியது. மூக்கு நுனியில் வியர்வை.

நான் பார்த்தேன். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். சமையலறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. தயிர்சாதத் தட்டோடு கூடத்தின் நடுவில் வந்து நின்று, தனக்கு இருக்கிற வியாதியையும் கப்பலில் நடந்ததையும் நாலே வரியில் சொல்லிவிட்டுத்தான், முதலில் நான் எழுதினேனே, அந்தப் பேச்சைப் பேசினார். அவர் மறுபடி உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தார். சுவாமி முன்னால் இருந்த தேன் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதன் ஓரத்தில் விட்டார். அதைப் பார்வதி அக்கா முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா மாலையைக் கீழே வைத்து, கை நடுங்க முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்கும்வரை தன் தட்டை அவர் தொடவில்லை.