மூவாயிரத்தைத் தாண்டாத வண்டி

அவருக்கு அலுவலகத்தில் ரெட்லைன் என்று பெயர். எதிரில் நின்றால் ரெட்லைன் சார். முதுகைத் திருப்பினால் வெறும் ரெட்லைன். காரில் இஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் வட்டத்தில், இதற்கு மேல் போகாதே என்று ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்களே, அதுதான் ரெட்லைன். நகரத்துக்குத் தண்ணீர் விடும் எங்கள் அலுவலகத்தில் குழாய் வரைபடங்கள் அடுக்கிய அறைக்கு அவர் பொறுப்பு. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்று கேட்டுப் போனால், வரைபடம் கைக்கு வருவதற்குள் அவருடைய இஞ்சின் நம் காதுக்குள் வந்துவிடும்.

"எட்டாயிரத்து நானூறு சுத்து, தம்பி. ஒரு நிமிஷத்துக்கு! ஜப்பான்காரன் செஞ்சது. இப்ப வர்ற வண்டியெல்லாம் ஆறாயிரத்துலயே மூச்சு வாங்கும்."

தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடும். "இது என்ன சுத்துது? முந்நூறு. அதுக்கே அழுவுது பாரு."

அந்த அலுவலகத்தில் பொறியாளராகச் சேர்ந்த மூன்றாம் வாரம் அவர் வீட்டு மாடி அறைக்கு நான் குடிவந்தேன். அவருடைய தாத்தா பட்டதாரி, அப்பா பட்டதாரி, அவரும் பட்டதாரி. எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எங்கள் வீட்டில் ஒரு சாமான் இருந்தால் அது உழைக்க வேண்டும். பம்புசெட் இஞ்சினை என் அப்பா கொஞ்சி நான் பார்த்ததில்லை, உதைத்துத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் மரியாதையாகத் தண்ணீர் இறைத்தது. ரெட்லைன் சாருக்கோ படிப்பும் பரம்பரையாக வந்தது, வீடும் பரம்பரையாக வந்தது. வந்ததையெல்லாம் உறை போட்டு மூடுவது ஒன்றுதான் அவர் சொந்தமாகக் கற்றுக்கொண்ட வித்தை. சோபாவுக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, காருக்கு மூன்று உறை. பருத்தி ஒன்று, கம்பளி ஒன்று, மழைக்கு ஒன்று. மழை பெய்தால் வண்டி வெளியே வராது என்பது வேறு விஷயம்.

வண்டி வெள்ளை நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதற்கு வயது இருபத்தைந்து. அவரிடம் வந்து பதினான்கு வருஷம். அந்த இஞ்சினில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐயாயிரத்து எண்ணூறு சுற்றைத் தாண்டினால் உள்ளே வால்வுகளைத் திறக்கும் முறையே மாறி, வேறொரு குரல் எடுக்கும். அந்தக் குரலை ரெட்லைன் சார் வாயாலேயே பாடிக் காட்டுவார். "ம்ம்ம்ம்னு வந்துகிட்டே இருக்கும், திடீர்னு ஒரு அடி... வாஆஆ!" என்று அவர் கத்தும்போது பக்கத்து அறைத் தட்டச்சுக்காரம்மா கதவைச் சாத்துவார்.

நான் தினமும் அந்த வண்டியில்தான் அலுவலகம் போனேன். ஏறுவதே ஒரு சடங்கு.

"செருப்பைத் தட்டிட்டு ஏறு தம்பி. கதவை மெதுவா. இன்னும் மெதுவா. அதை நீ சாத்தக் கூடாது, அதுவாச் சாத்திக்கணும்."

அதற்கு முன் இஞ்சின் சூடாக வேண்டும் என்று பன்னிரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலை மூடுவார். பிறகு புறப்படுவோம். எனக்குக் கண் இருக்கிறது, முள்ளைப் பார்ப்பேன். இரண்டாயிரம். இரண்டாயிரத்து ஐந்நூறு. மூவாயிரத்தைத் தொட்டால் போதும், பாம்பைத் தொட்டவர் மாதிரி காலை எடுத்துக் கியரை மாற்றிவிடுவார். சைக்கிள்காரன் மணி அடித்து எங்களைத் தாண்டிப் போவான்.

"சார், அந்தக் குரல் எப்ப வரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கெல்லாம் நேரம் காலம் இருக்கு தம்பி. சும்மா முறுக்கினா இஞ்சின் தேஞ்சு போகும்."

அவருடைய மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். விடியும்போதே அறுபது கடைகளுக்கு ரொட்டி இறக்கி, பூனை நுழையாத சந்தில் பின்பக்கமாகவே வேனை எடுத்துவந்து, வீடு திரும்பி, சமைத்தும் வைக்கிற மனுஷி. பதினான்கு வருஷத்தில் அந்த வெள்ளை வண்டியின் ஸ்டியரிங்கை அவர் தொட்டதில்லை. தொட விட்டதில்லை.

"உன் கை வேன் கை," என்பார் ரெட்லைன் சார். "இதுக்கு விரல் வேணும், விரல்."

"அந்த விரலால சமையல்கட்டுல ஒழுகுற ஓடுகளை மாத்துங்க மொதல்ல," என்பார் அக்கா.

வண்டி நீலமாகப் புகைவிட ஆரம்பித்திருந்தது. இஞ்சின் எண்ணெய் உள்ளே எரிந்தால் வருகிற புகை அது. ரெட்லைன் சார் அசரவில்லை. இன்னும் கெட்டியான எண்ணெய் வாங்கி ஊற்றினார். புகை நிற்கவில்லை, தேன் மாதிரி இருந்த எண்ணெயை விட்டுத் தார் மாதிரி இருந்ததற்குப் போனார். "பழைய இஞ்சின் கொஞ்சம் குடிக்கும்," என்று அதற்கு வக்காலத்து வேறு. அக்கா என்னிடம் சொன்னார்: "இவருக்கு எந்தப் பழக்கமும் கிடையாதுன்னு சொல்லித்தான் எங்க வீட்டுல கட்டிக் கொடுத்தாங்க. இவருக்கும் சேர்த்து இது குடிக்குது."

வருடாந்தரச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோன அன்று நானும் கூட இருந்தேன். சோதனை அதிகாரி புகைக்குழாய் பக்கம் குனிந்தார், இருமிக்கொண்டே நிமிர்ந்தார்.

"சார், இது வண்டியா, கொசு மருந்து அடிக்கிற மிஷினா?"

"எட்டாயிரத்து நானூறு சுத்து இஞ்சின் சார் இது..."

"சுத்தட்டும். இருபத்தஞ்சு வருஷம் முடிஞ்ச வண்டிக்கு ஒரே ஒரு மறுசோதனைதான். பத்து நாள் டைம். பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்குப் புகையில்லாம கொண்டாங்க. இல்லேன்னா நம்பர் பிளேட்டைக் கழட்டிக் கொடுத்துடணும். அதுக்கப்புறம் ரோட்டுல வரக் கூடாது."

அன்று ரெட்லைன் சார் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. வரைபடம் கேட்டு வந்தவர்களுக்கு வரைபடத்தை மட்டும் கொடுத்தார். அலுவலகமே பயந்துபோனது.

இந்த மாதிரி இஞ்சின்களை மட்டும் பார்க்கிற ஒரு பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. ஐம்பது வயது அம்மா ஒருவர் நடத்துகிறார். அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நூல் போன்ற கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு துணியில் கை துடைத்துக்கொண்டே கேட்டார்:

"கடைசியா எப்ப சார் எட்டாயிரம் போனீங்க?"

ரெட்லைன் சார் கைக்குட்டையை எடுத்துக் கதவுக் கைப்பிடியைத் துடைத்தார்.

"சரி, ஏழாயிரம்?"

ரெட்லைன் சார் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களை எண்ணுகிறவர்போல் நின்றார்.

"ஆறாயிரமாவது போயிருக்கீங்களா?"

"வாங்கின அன்னிக்கு... வித்தவர் ஒரு தடவை ஓட்டிக் காட்டினாரு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "பதினாலு வருஷமா மெதுவாவே ஓட்டி உள்ள கரி மண்டிப் போயிருக்கு. பிஸ்டனைச் சுத்தி எண்ணெயை வழிச்சு எடுக்குற ரிங்கெல்லாம் கரியில ஒட்டிக்கிட்டு அசைய மாட்டேங்குது. அதான் எண்ணெய் மேல ஏறி எரியுது. இது முறுக்கி ஓட்டறதுக்குன்னே செஞ்ச இஞ்சின் சார். நீங்க காப்பாத்திக் காப்பாத்தியே கெடுத்து வெச்சிருக்கீங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாட்டை வாங்கி, உழைத்தால் இளைத்துவிடும் என்று பதினான்கு வருஷம் கட்டிப்போட்டு வைத்து, அதன் பலத்தை ஊரெல்லாம் அளந்த மனிதர்! அதுவும் அந்தக் குரலை இத்தனை காலமும் எங்கே கேட்டுப் பாடிக் காட்டினார்? கைபேசியில் பார்த்த வீடியோக்களில். வேறு எவனோ ஓட்டிய வேறு எவனுடைய வண்டியிலோ.

இஞ்சினைப் பிரித்து வேலை செய்ய ஒரு மாதமாகும், அதற்கு நேரமில்லை என்றார் அந்த அம்மா. கரியைக் கரைக்கும் திரவத்தை ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். தாரை வடித்துவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டார். வால்வுகளின் இடைவெளியை மெல்லிய தகடு நுழைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். பத்தாம் நாள் காலை சாவியைக் கொடுத்தபோது சொன்னார்: "மீதி வேலை உங்க கால்ல இருக்கு. நெடுஞ்சாலையில ரெண்டாவது கியர்லயே வெச்சு, இஞ்சின் சூடானதும் சிவப்புக் கோடு வரைக்கும் முறுக்குங்க. விடுங்க, மறுபடி முறுக்குங்க. மொதல்ல புகை அள்ளும், பயப்படாதீங்க. பத்துப் பதினஞ்சு தடவையில ரிங்கு விட்டுக்கொடுத்துச்சுன்னா பொழைச்சீங்க."

மூன்று பேரும் கிளம்பினோம். நான் பின்னால் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்திருந்தேன். அக்கா முன்னால். "வழியில நின்னா தள்ள ஆள் வேணுமே," என்று அவரே சொல்லி ஏறிக்கொண்டார்.

சாலை வெறிச்சென்று கிடந்தது. ரெட்லைன் சார் மிதித்தார். மூவாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு. நான்காயிரம். காலை எடுத்துவிட்டார்.

"முன்னால வளைவு."

"அது மைல் கணக்குல தள்ளி இருக்கு," என்றார் அக்கா.

மறுபடி மிதித்தார். மறுபடி நான்காயிரம். "காத்து எதிர்ல அடிக்குது." இன்னொரு முறை. "என்னமோ சத்தம் கேட்டுச்சு தம்பி, உனக்குக் கேட்டுச்சா?" வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ஆடி அசைந்து எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் ஜன்னல் வழியாக எங்களை ஏதோ விபத்தில் சிக்கியவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மணி ஒன்பதரை.

"என்னங்க, இறங்குங்க," என்றார் அக்கா.

"உன் கை..."

"வேன் கைதான். இறங்குங்க. பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்."

அவர் இறங்கினார். வேறு வழி? அக்கா சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ரொட்டி இறக்கப் போகிறவர்போல வண்டியை எடுத்தார். இரண்டாவது கியர். ஐந்தாயிரம். ஐயாயிரத்து எண்ணூறு. அப்போது அந்தக் குரல் வந்தது. ரெட்லைன் சார் பாடிக் காட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அறையில் இருந்த யாரோ சட்டென்று எழுந்து நின்று பேசியதுபோல் இருந்தது. முள் எட்டாயிரத்தைத் தாண்டிச் சிவப்பில் போய் நின்றது. பின் கண்ணாடியில் பார்த்தேன், சாலையே தெரியவில்லை. அத்தனை புகை.

"விடு! போதும்! உடைஞ்சுடும்!" என்று ரெட்லைன் சார் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"உடைஞ்சா உடையட்டும், கத்தாதீங்க. தம்பி, புகையைப் பாத்துச் சொல்லு."

ஐந்தாம் முறை புகை பாதியானது. ஒன்பதாம் முறை சிகரெட் புகை அளவு. பன்னிரண்டாம் முறை நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஒன்றுமில்லை. சாலை, வானம், அவ்வளவுதான்.

"புகையே இல்லைக்கா!"

அக்கா ஓரமாக நிறுத்திச் சிரித்தார். மணி பத்து. சோதனை நிலையம் அரைமணி தூரம். வேலை முடிந்தது, மெதுவாகப் போய் நிறுத்தினால் போதும். ரெட்லைன் சார் இறங்கி அந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"இனி நான் ஓட்டறேன்."

"நானே கொண்டுபோய் விட்டுடறேங்க."

"அங்க நீ ஓட்டிட்டு வந்து இறங்கினா என்னை என்ன நினைப்பாங்க?"

அக்கா ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

இரண்டு கிலோமீட்டர் ஒழுங்காகப் போனார். பிறகு மனிதருக்கு ரோஷம் வந்தது. பதினான்கு வருஷம் வராத ரோஷம், வரக் கூடாத நேரத்தில் வந்தது. மனைவி எழுப்பிய குரலைத் தானும் ஒரு தரம் எழுப்பிப் பார்க்க வேண்டுமாம். மிதித்தார். இரண்டாவது கியரில் குரல் வந்தது. மூன்றாவதுக்கு மாற்றினார், மறுபடி வந்தது. "பாத்தியா! பாத்தியா!" என்று கூவினார். முள் எட்டாயிரத்தில். இனி நான்காவது. மூன்றிலிருந்து கியர் கம்பியை நேராகக் கீழே இழுக்க வேண்டும். வேனோ லாரியோ ஓட்டுகிற எவருக்கும் கை தானாகச் செய்கிற வேலை. ஆனால் எட்டாயிரத்தில் கியர் மாற்றி இவருக்குப் பழக்கம் ஏது? கம்பியை இடப்பக்கம் சாய்த்து, நான்காவதற்குப் பதில் இரண்டாவதில் தள்ளி, கிளட்சை விட்டுவிட்டார்.

சக்கரங்கள் இஞ்சினை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் சுழற்றின. முள் எண்கள் முடிந்த இடத்தைத் தாண்டிப் போய் முட்டியது. ஒரு கிறீச்சல், இரும்புப் பெட்டியில் ஸ்பேனரைக் கொட்டியதுபோல் ஒரு சத்தம், பிறகு காற்று மட்டும் கேட்டது. வண்டி தானாக உருண்டு ஓரத்தில் நின்றது. கீழே எண்ணெய் சொட்டியது.

ரெட்லைன் சார் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் என்னமோ ஒரு பளபளப்பு.

"முள் எவ்வளவு காட்டுச்சு தம்பி?"

நான் படித்தவன், கணக்குப் போட எனக்குத் தெரியும். பதினோராயிரத்துக்கு மேல். வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்திருக்கும். அதைச் சொல்லி அவருக்கு ஒரு பெருமையை நான் ஏன் தேடித் தர வேண்டும்? "கவனிக்கல சார்," என்றேன்.

பட்டறை அம்மா வந்து இஞ்சின் மூடியைத் திறந்தார், மூடினார். வண்டியைக் கட்டி இழுத்துவந்து வீட்டில் தள்ளியபோது மணி ஒன்று. மாலை ஐந்துக்குள் நம்பர் பிளேட்டை ஒப்படைக்க வேண்டும். ரெட்லைன் சார் உறை போட்ட சோபாவில் படுத்துக்கொண்டு, தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அக்காவே திருப்புளியை எடுத்துவந்து இரண்டு பிளேட்டையும் கழற்றினார். ரொட்டி வேனில், காலித் தட்டுகளுக்கு நடுவில் அவற்றை வைத்து நாங்கள் கொண்டுபோனோம்.

சோதனை அதிகாரி பிளேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்கம்மா?"

"வராது."

"போன தடவை புகைவிட்டாலும் ஓடித்தானே வந்துச்சு? பத்து நாள்ல என்னம்மா ஆச்சு?"

"ஓட்டினாரு," என்றார் அக்கா. "கையெழுத்து எங்க போடணும்?"