ஓடிய எழுத்துகளும் பிடுங்கிய ஒயரும்

இளம்பிள்ளையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் புடவை டிசைன் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் நாத்தனார் கவிதா அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாள்.

ஒருநாள் காலை வேலையின் நடுவே கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. மதியத்துக்குள் ஒரு முகூர்த்தப் புடவையின் டிசைன் தறிக்குப் போயாக வேண்டும்.

"வைரஸாட்டம் இருக்குது. எல்லாத்தையும் அழிக்குது" என்று என் கணவர் ஒயரைப் பிடுங்கினார். மறுபடி போட்டோம், இன்னும் அதிகமாக ஓடின. மறுபடி பிடுங்கினார். இப்படி நான்கு முறை.

போனில் லினக்ஸின் உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். ஒன்றும் புரியவில்லை. கடைசி வரி மட்டும் புரிந்தது: உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேளுங்கள். கவிதாவைக் கூப்பிட்டு, "அது யாரு கண்ணு?" என்றேன்.

"நீங்கதானுங்க அண்ணி" என்றாள். "கரண்ட் போனதால அது டிஸ்கைச் சரிபார்க்குது. புடுங்கப் புடுங்க முதல்ல இருந்து ஆரம்பிக்கும். அண்ணனைக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க."

அனுப்பினேன். கால் மணி நேரத்தில் டிசைன் பத்திரமாகத் திறந்தது.

இப்போதெல்லாம் எது ஓடினாலும் ஒயரைத் தொடுவதில்லை. "எழுத்து ஓடினால் பயப்படாதீர்கள். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன், யாரும் எழுதிச் சேர்க்கக்கூடிய அந்த உதவிப் பக்கத்தில் கவிதா அதைச் சேர்த்துவிட்டாள். போன வாரம் ஒருவர் அதன் கீழே கேட்டிருக்கிறார்: "குறிப்பு தெளிவாக இல்லை. காபி போடும் நேரமும் சேர்த்தா?"