பாடம் நழுவிய ஆண்டுகள்

கோவை நாடக மன்றமொன்றின் விழா மலரில் என்னைப் 'பன்முகக் கலைஞர்' என்று அச்சிட்டிருந்தார்கள். நடிகர், வானொலிக் குரல், இயக்குநர், ஒப்பனையாளர். அத்தனை முகங்களும் எப்படி வந்தன என்பதை எவரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொள்ளாச்சியில் ஒரு நாடகம். நான் மாமனார். மருமகனாக நடித்த பாய் கோட்டைமேட்டில் தையற்கடை வைத்திருந்தார். எங்கள் உடைகளைத் தைப்பவரும் அவரே. இரண்டாம் காட்சியில், முந்தைய மாதம் போட்ட வேறொரு நாடகத்தின் வசனத்தைத் தடங்கலின்றிப் பேசிவிட்டேன். அவர் ஏதோ சொல்லிச் சமாளித்துக் கதையைத் திருப்பினார். சபை கைதட்டியது.

"ஏனுங்க, ரெண்டு நாடகத்துலயும் நான்தானுங்க உங்க மருமகன், தப்பிச்சீங்க," என்று திரைக்குப் பின்னால் சிரித்தார். "இல்லீன்னா பொண்ணே பொறக்காம மாமனார் ஆயிருப்பீங்க."

நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொல்லும்வரை தவறு நேர்ந்ததே எனக்குத் தெரியாது. அச்சம் அங்கே தொடங்கியது.

அதன்பின் வானொலி நாடகங்களையே விரும்பி ஏற்றேன். அங்கே தாளைப் பார்த்துப் படிக்கலாம். கோவையின் கணபதிப் பகுதியில் பட்டறைத் தொழிலாளர் மன்றத்துக்கு நாடகம் இயக்கினேன். பிரதி கையிலேயே இருந்தது. பிறகு ஒப்பனை, அதற்குச் சொல்லே வேண்டாம். "ஐயா தொடாத துறையே இல்லீங்க," என்றார்கள். நான் பின்வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் நம்பியிருந்தேன். வசனம் ஊராருக்காகப் பேசுவது, போகட்டும். ஐந்து வயதில் தந்தை ஓதுவித்த பதிகங்களில் இறைவன் கைவைக்க மாட்டான்.

சென்ற மார்கழியில் ஒரு காலை, அவிநாசிக் கோயில் சன்னதியில் நின்று ஓதினேன். நான்காம் பாடலின் முதலடி முடிந்தது. அடுத்த அடி வரவில்லை. மீண்டும் முதலடியைச் சொன்னேன். மறந்ததுபோலவும் இல்லை, அவ்விடத்தில் என்றுமே எதுவும் இருந்திராததுபோல் இருந்தது.

அருகில் நின்ற என் மனைவி கைகூப்பினாள். பின்னாலிருந்து ஒருவர் அவளிடம் மெல்லச் சொன்னார்: "பாருங்க அம்மணி, பேச்சே வரலை. சாமியப் பாத்து அப்படியே உருகிப்போட்டாரு."

நான் மறுக்கவில்லை. கண்களை மூடி, உருகியவனாகவே நின்றேன். மேடையில் அத்தனை நன்றாக நடித்ததில்லை.

இப்போதும் விடியலில் ஓதுகிறேன். இறைவனை நினைப்பதில்லை, எந்த அடி இருக்கிறது, எது இல்லை என்று தடவிப் பார்க்கிறேன். நேற்று ஏழாம் பாடலில் இரண்டு அடிகள் இல்லை.