கயலின் வெற்றுப் பக்கம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது காரைக்காலில் ஆசிரியை. புதுச்சேரி ஓவியக்கூடத்துக்கு மாணவிகளை அழைத்துப் போனபோது, ஓவியங்களுக்குக் கீழிருந்த குறிப்புகளை நோட்டில் எழுதச் சொன்னேன். படிப்பென்றால் எனக்கு அதுதான். எழுதாமல் நின்ற மாணவி கயலைத் திட்டினேன்.

அங்கே ஓவியங்களை விளக்கிய பெண் ஒரு ஓவியத்தின் குறிப்பைக் கையால் மறைத்தார்.

"டீச்சர், இதுல என்ன தெரியுதுங்க?"

எனக்கு நீலம் மட்டுமே தெரிந்தது. மாணவிகள் முன்னால், அவர் விரலிடுக்கில் குறிப்பைத் தேடினேன்.

மீனவக் கிராமமான கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் கயல், தரையில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "காத்து திரும்புது மிஸ். இப்புடி இருந்தா எங்கப்பா போட்டக் கடலுக்கு எடுக்க மாட்டாரு."

"எங்கடி திரும்புது?"

"இங்க வந்து உக்காருங்க மிஸ், தெரியும்."

தரையில் அவளருகே உட்கார்ந்தேன். நீலம் மெல்ல அசைந்தது. அலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கண்ணாடி ஜன்னல் வழியே வந்த வெயிலும் அவற்றோடு சாய்வதுபோல் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கயலின் நோட்டை வாங்கி, அந்த வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். நான் மிகவும் பெருமையோடு போட்ட கையெழுத்து அதுதான்.