மறுபக்கம் நின்ற சங்கரலிங்கம் அண்ணாச்சி

வெள்ளிக்கிழமை காலை, பாளையங்கோட்டைக்குப் போகும் நகரப் பேருந்தில் இருந்தேன். அலுவலகத்திலிருந்து முருகேசன் கூப்பிட்டார். "யக்கா, நம்ம சங்கரலிங்கம் அண்ணாச்சி இறந்துட்டாவ. குளிக்கப் போன இடத்துல விழுந்துட்டாவளாம்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை நான் தின்ற வடை ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வடையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் பிரிவில் ஒன்பது பேர். அண்ணாச்சிதான் மூத்தவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. தினமும் பதினொரு மணிக்கு எதிர்க்கடை உளுந்தவடை வரும். ஆளுக்கு ஒன்றை மேஜையில் விரித்த காகிதத்தில் வைத்து ஏதாவது பந்தயம் கட்டுவோம். இன்றைக்கு எந்த அணி ஜெயிக்கும், புது அதிகாரி எத்தனை மணிக்கு வருவார், இப்படி. ஜெயித்த பக்கம் எல்லா வடையையும் பங்கு போட்டுக்கொள்ளும். மறுநாள்தான் முடிவு தெரியும் என்றால் மறுநாள் வடைக்குப் பந்தயம். எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் பந்தயம் செல்லாது. அவரவர் வடையை அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அப்படிப் போக விடாதவர் அண்ணாச்சி. அறை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தால் அவர் மறுபக்கம் போய்விடுவார். அதனால் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர்.

பிடிவாதம் என்று நினைத்திருந்தோம். ஒருநாள் கணக்கைச் சொன்னார். "நீங்க எட்டுப் பேரும் ஜெயிச்சா ஆளுக்கு ஒரு வடையும் ஒரு விள்ளலும்வே. நான் ஒருத்தன் ஜெயிச்சா ஒம்பதும் எனக்கு. கூட்டம் பாதி நேரம் சரியாத்தான் சொல்லும். ஆனா சொன்னதை ரொம்ப நம்பும். அந்த அளவுக்கு மிஞ்சின நம்பிக்கையிலதான் நம்ம வடை இருக்கு." சும்மா சொல்லவில்லை, சோதித்தும் பார்த்தார். ஒரு கிரிக்கெட் சீசன் முழுக்கப் பலமான அணிக்கு எதிராகவே கட்டினார், தேறவில்லை. அடுத்த சீசனில் நாங்கள் எட்டுப் பேரும் ஒத்துப்போகிற நாளில் மட்டும் எதிர்த்தார். அந்த வருஷம் எங்களை மொட்டையடித்துவிட்டார்.

ஒரு கார்த்திகை மழையில், விடிவதற்குள் ஆற்றுக்குள் இருக்கும் கல்மண்டபம் முங்கிவிடும் என்று எல்லாரும் சொன்னோம். முங்காது என்றார். காலையில் கொக்கிரகுளம் பாலத்தில் நின்று பார்த்தால் மண்டபம் இருந்த இடமே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வடையைத் தள்ளிவைத்தார். "தோத்தது நான். என் வழி தோக்கலை" என்றார். ஜெயித்த நாளிலும் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எங்களுக்கே கொடுத்துவிடுவார். "ஜெயிச்சேன்னு சொன்னாப் போதும். ஒம்பது வடைய எவன் திம்பான்?" என்பார். ஒருநாளும் கூட்டத்தைவிட்டு நகராத என்னைத்தான் அதிகம் கேலி செய்வார். "கோமதி, கூட்டத்துல நின்னா வெயில் படாது. வடையும் கிடைக்காது."

அந்தச் செவ்வாய்க்கிழமை மாடியேறி வந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். முருகேசன் பைக் சாவியை எடுத்துவிட்டார். "அண்ணாச்சி, இது ஹார்ட்டுதான். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்." எல்லாரும் அதையே சொன்னோம். அண்ணாச்சி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபக்கம் போகும்போது வருகிற அந்தச் சிரிப்பு வந்தது.

"எல்லாரும் ஒண்ணு போல சொல்லுதிய. அப்ப நான் வாய்வு பக்கம். வைங்கவே வடைய."

யாராவது அவரைத் திட்டியிருக்க வேண்டும். நாங்கள் சிரித்தோம். ஒருவர் காகிதத்தையே விரித்துவிட்டார். முருகேசன் மட்டும், "பந்தயத்தை வந்து பாத்துக்கிடலாம், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நானும் அண்ணாச்சி பக்கம்."

மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது அவரோடு நின்று ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு. வேறு நல்ல காரணம் இருந்தால் எழுதியிருப்பேன். "பாத்தியாவே, கோமதியே சொல்லிட்டா" என்றார் அண்ணாச்சி. கூட்டத்தைவிட்டு நகராதவள் சொன்னதால் அந்தப் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. முருகேசன் சாவியை மேஜையில் வைத்தார்.

சோடா குடித்தார், ஏப்பம் விட்டார், மத்தியானத்துக்குள் வலி அடங்கிவிட்டது. அறை தோல்வியை ஒப்புக்கொண்டது. ஆளுக்கு நாலரை வடை. அவர் தன் நாலையும் வழக்கம்போல் கொடுத்துவிட்டு, அரை வடையை என்னிடம் நீட்டினார். "இன்னைக்கு நீதான் ஜெயிச்ச, தின்னு." தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. கிரிக்கெட்டில் கூட்டம் எதை நம்புகிறது என்று பார்த்துப் பந்தயம் கட்டலாம். நெஞ்சுவலிக்கு யார் எதை நம்பினால் என்ன? இவ்வளவு கணக்குத் தெரிந்த மனிதருக்கு இது தெரியவில்லையே என்று அவர்மேல் கோபம் வருகிறது. அதைவிட என்மேல் வருகிறது.

சாவு வீட்டில் அவர் மனைவி ஆவுடை மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ரெண்டு மூணு நாளைக்கு முந்தியே நெஞ்சுவலி வந்திருக்கும், அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு. ஆபீஸ்ல வச்சு ஏதும் சொன்னாவளா கோமதி? நீங்கல்லாம் கூடத்தான இருந்திய?" எங்கள் ஆட்கள் எல்லாரும் பக்கத்திலேயே நின்றார்கள். "நல்லாத்தான் இருந்தாவ மதினி" என்று ஒரு குரல் வந்தது. மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நேற்று இரங்கல் கூட்டத்தில் அவருடைய துணிச்சலைப் புகழ்ந்தார்கள். பந்தய வடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முடிந்ததும் எங்கள் பிரிவு மட்டும் கூடி நின்றது. "அந்த அம்மாட்ட இனி சொல்லி என்ன ஆவப்போவுது? மனசுதான் கஷ்டப்படும்" என்றார் ஒருவர். ஏழு பேருக்கும் ஒரே பேச்சு. முருகேசன்கூட மறுக்கவில்லை. நான் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் ஓர் ஆள் நிற்க வேண்டும். போகக் கூடாத நாளில் ஒருமுறை அங்கே போய் நின்றேன். இன்றைக்குத் தனியாக நிற்கிறேன். ஆவுடை மதினி, செவ்வாய்க்கிழமையே அவருக்கு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எழுந்த கையை நிறுத்தியவள் நான்தான்.